அடுக்களைக்கு நீலம் வந்த வரலாறு

சமையலறை அலமாரிகளுக்கு எந்த வண்ணம் பூசுவது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு மிகச் சிறிய வினாவாகவே தோன்றும். புது வீடு புகுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும், வண்ண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதிற்குள் முடித்துவிடும் செயல் அது. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார் ஒருவர். வெள்ளையே தூய்மை என்பார் மற்றொருவர். அழுக்குத் தெரியாத வண்ணமே நல்லது என்பார் மூன்றாமவர். இவை யாவும் தனிப்பட்ட விருப்பங்கள் போலத் தோன்றினும், ஒவ்வொன்றின் பின்னும் நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நஞ்சு உண்டு, நோயச்சம் உண்டு, தொழிலாளர் குடியிருப்பு உண்டு, சிறை சென்ற பெண்மணி ஒருவரும் உண்டு. ஈக்கும் அதில் இடம் உண்டு.

1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் வடிவமைக்கப்பட்ட சமையலறை ஒன்றின் அலமாரிகளுக்கு நீல வண்ணம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வமைப்பு ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. அந்நீலத்தைத் தேர்ந்தவர் யார்? எக்காரணம் பற்றித் தேர்ந்தார்? அவ்வண்ணத்தின் முன் நாள்தோறும் நின்று சமைத்தவர்க்கு அதில் பங்கு இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், அந்நீலத்திற்கு முன் அடுக்களையை ஆண்ட வண்ணங்களைப் பற்றி முதலில் அறிதல் வேண்டும்.

புகை தீட்டிய கருமை

விறகும் நிலக்கரியும் எரிந்த காலத்து அடுக்களைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் இருந்ததில்லை. அவ்வுரிமையைப் புகையே எடுத்துக்கொண்டது. எவ்வளவு வெண்மையாகச் சுண்ணாம்பு அடித்தாலும், சில திங்களில் சுவரும் கூரையும் பரணும் கரிபடிந்து கறுத்துவிடும். ஆகவே ஏழை எளியோர் வீடுகளில் ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிப்பதே வழக்கமாயிற்று. அலமாரிக்கெனத் தனியாக வண்ணம் பூசும் எண்ணம், புகைபோக்கியுடன் கூடிய இரும்பு அடுப்பும், பின்னர் எரிவாயு அடுப்பும் நகர்ப்புற வீடுகளுக்குள் வந்த பின்னரே வேரூன்றியது. புகை குறைந்த இடத்தில்தான் வண்ணம் நிலைக்கும். அடுக்களையில் வண்ணம் பற்றிய பேச்சு எழுந்தது, எரிபொருளில் நேர்ந்த மாற்றத்தின் விளைவு எனலாம்.

பச்சையில் மறைந்த நஞ்சு

வண்ணம் நிலைக்கத் தொடங்கியதும், மக்கள் விரும்பி நாடிய நிறங்களுள் பச்சையும் ஒன்று. 1775ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் கார்ல் வில்லெம் ஷீலே, செம்பும் பாடாணமும் சேர்ந்த பச்சைநிறப் பொருள் ஒன்றைக் கண்டறிந்தார். 1814ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஷ்வைன்பர்ட் நகரில், அதனினும் ஒளி மிக்க மரகதப் பச்சை ஒன்று ஆக்கப்பட்டது. அதற்கு முன்னர்க் கிடைத்த பச்சைகள் விரைவில் மங்குவன. அல்லது பழுப்பாக மாறுவன. இப்புதுப் பச்சையோ பளிச்சென்று விளங்கியது. சுவர்த்தாளிலும் திரைச்சீலையிலும் மகளிர் ஆடையிலும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களிலும் அது இடம்பெற்றது. வண்ணப்பூச்சிலும் அது கலந்தது.

பாடாணம் நஞ்சு என்பதை அக்காலத்தார் அறியாதவரல்லர். எனினும், சுவரிலே ஒட்டியிருக்கும் நஞ்சு உடலுக்குள் எவ்வாறு புகும் என்று வாதிட்டோர் பலர். ஈரம் படிந்த சுவரில் வளரும் பூஞ்சணம் அப்பச்சையிலிருந்து நச்சு ஆவியை எழுப்பக்கூடும் என்பதை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் பார்த்தலோமியோ கோசியோ ஆய்ந்து காட்டினார். இவ்விடத்தில் ஓர் உண்மை கருதத்தக்கது. இல்லத்தின் அழகுக்காகப் பூசப்பட்ட அதே மரகதப் பச்சை, பின்னாளில் அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களில் வண்டுகளைக் கொல்வதற்குப் பயன்படுத்தப்பட்டது. வயலில் பூச்சியைக் கொன்ற பொருள், வீட்டிற்குள் அழகுப்பொருளாக இருந்திருக்கிறது.

வெள்ளையின் ஆட்சி

பச்சையை அடுத்து அடுக்களையை ஆண்டது வெள்ளை. அவ்வாட்சிக்கு அடிகோலியது நுண்ணுயிரியல். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆய்வுகளும், 1882ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததும், நோய் பற்றிய எண்ணத்தையே மாற்றின. கண்ணுக்குத் தெரியாத பகை வீட்டிற்குள் ஒளிந்திருக்கிறது என்னும் அச்சம் எங்கும் பரவியது. அழுக்கை மறைக்கும் வண்ணம் ஆகாது. அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் வண்ணமே வேண்டும் என்று உடல்நல அறிஞர்கள் வற்புறுத்தினர். மருத்துவமனைச் சுவரின் வெண்மை சமையலறைக்கும் வந்து சேர்ந்தது.

வெண்மை தூய்மைக்கு அடையாளமாயிற்று. ஆயினும் அதனுள்ளும் ஒரு தீமை இருந்தது. அக்காலத்தில் மரத்தின்மேல் நன்கு பற்றி உழைத்த வெள்ளைப் பூச்சு, ஆளிவிதை எண்ணெயில் ஈய வெள்ளையைக் குழைத்து ஆக்கப்பட்டது. ஈயம் மெல்ல மெல்ல உடலிற் சேர்ந்து நரம்பையும் குருதியையும் கெடுப்பது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், குழந்தைகளிடையே காணப்பட்ட ஈய நச்சுக்குக் காரணம் தேடிய கண் மருத்துவர் ஜான் லாக்கார்ட் கிப்சன், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிலும் சுவர்களிலும் இருந்த வண்ணப்பூச்சே அதன் மூலம் என்று 1904ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். உதிர்ந்த பூச்சுத் தூள் குழந்தைகளின் கையில் ஒட்டி வாய்க்குச் செல்வதை அவர் சுட்டிக்காட்டினார்.

1921ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைப் பயன்படுத்துவதைத் தடை செய்ய ஓர் ஒப்பந்தம் கண்டது. சில விலக்குகளும் அதில் இருந்தன. அவ்வொப்பந்தம் முதன்மையாகக் கருதியது பூச்சு வேலை செய்யும் தொழிலாளரையே. பூசி முடித்த வீட்டில் வாழும் தாயும் சேயும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவர இன்னும் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. அமெரிக்க நாட்டில் வீடுகளுக்கான ஈய வண்ணப்பூச்சு 1978ஆம் ஆண்டுதான் தடை செய்யப்பட்டது. 1916ஆம் ஆண்டளவில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் வணிக அளவில் ஆக்கப்படத் தொடங்கிய டைட்டானிய வெள்ளையே, நஞ்சில்லாத வெண்மைக்குப் பின்னாளில் வழி வகுத்தது.

வெள்ளை மற்றொரு சுமையையும் தந்தது. அழுக்கைக் காட்டும் பரப்பை ஒருவர் இடைவிடாது துடைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களில் பணிப்பெண்கள் அருகினர். தொழிலாளர் குடும்பங்களிலோ பணிப்பெண் என்ற பேச்சுக்கே இடமில்லை. துடைக்கும் வேலை முழுவதும் இல்லத்தரசியின் தோளில் விழுந்தது. அவள் உழைப்பைக் குறைப்பதெவ்வாறு என்னும் சிந்தனை எழுந்த காலம் அதுவே.

பிராங்பர்ட் நகரின் புதிய அடுக்களை

போருக்குப் பின் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. 1925ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகராட்சியின் கட்டடத் துறைத் தலைமையை எர்ன்ஸ்ட் மாய் ஏற்றார். குறைந்த செலவில், வெளிச்சமும் காற்றும் நிறைந்த ஆயிரக்கணக்கான வீடுகளை எழுப்பும் பெருந்திட்டம் அவர் தலைமையில் தொடங்கியது. அவர் அழைப்பை ஏற்று 1926ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து வந்தவர் மார்கரெட் லிஹோட்ஸ்கி. 1897ஆம் ஆண்டு பிறந்த அவர், ஆஸ்திரிய நாட்டில் கட்டடக் கலை பயின்ற முதற்பெண்களுள் ஒருவர். காசநோய்க்கு ஆளாகி, மருத்துவ நிலையத்தில் தங்கி மீண்டவர். நோய், இடநெருக்கடி, தூய்மை என்பவை அவர்க்கு ஏட்டுச் சொற்களாக இருந்திருக்க இயலாது.

தொழிலாளர் வீடுகளில் அதுவரை சமைப்பதும் உண்பதும் குளிப்பதும் உறங்குவதும் பெரும்பாலும் ஒரே அறையில் நிகழ்ந்தன. லிஹோட்ஸ்கி சமையலை அதிலிருந்து பிரித்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிற்றறை ஒன்றை வகுத்தார். தொடர்வண்டியின் உணவுப் பெட்டியில், குறுகிய இடத்தில் நின்றுகொண்டே பலர்க்கு உணவு ஆக்கும் சமையலறை அவர்க்கு முன்மாதிரியாயிற்று. அமெரிக்கப் பெண்மணி கிறிஸ்டின் பிரெடெரிக், தொழிற்சாலையின் காலச் சிக்கன முறைகளை வீட்டு வேலைக்குப் பொருத்தி எழுதிய நூல் ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டிருந்தது. லிஹோட்ஸ்கி அதைப் பயின்றார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டியுள்ளது, எவ்வளவு நேரம் ஆகிறது என்பவற்றை அளந்து கணக்கிட்டார்.

அந்தச் சிற்றறைக்குள் அமைந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருந்தது. வெளிச்சம் படும்படி சாளரத்தின் கீழ் வேலைமேசை; உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் முக்காலி; சுவரில் மடித்து வைக்கத்தக்க துணி தேய்க்கும் பலகை; அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குக் கைப்பிடியும் மூக்கும் உடைய அலுமினியப் பெட்டிகள்; மாவுக்குப் புழு அணுகாது என்று கருதப்பட்ட ஓக் மரப் பெட்டி; கறையையும் கத்தியின் வெட்டையும் தாங்கும் பீச் மரப் பலகை. எதுவும் அழகுக்காக மட்டும் அமையவில்லை. வண்ணமும் அவ்வாறே.

ஈக்கு அஞ்சிய நீலம்

குளிர்ப்பெட்டி எல்லார்க்கும் எட்டாதிருந்த காலம் அது. கோடையில் பாலும் இறைச்சியும் விரைவிற் கெடும், ஈக்கள் மொய்க்கும். கழிவிலும் சோற்றிலும் மாறி மாறி அமரும் ஈ, வயிற்றுநோயைச் சுமந்து வருவது என்பதை மருத்துவம் அப்போது உறுதியாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பது அன்றைய நகரங்களில் அரிய நிகழ்ச்சியன்று. இந்நிலையில், நீலநிறப் பரப்பை ஈக்கள் நாடுவதில்லை என்னும் ஆய்வுக் கருத்து லிஹோட்ஸ்கியின் கவனத்திற்கு வந்தது. அதனை ஏற்று, அலமாரிகளின் முகப்புகளுக்கு நீலமும் பசுமை கலந்த நீலமும் பூசச் செய்தார்.

பச்சை அழகுக்காக வந்தது. வெள்ளை கிருமிக்கு அஞ்சி வந்தது. நீலமோ ஈயை விரட்ட வந்தது. அலமாரியின் வண்ணத்திற்கு ஒரு வேலையைப் பணித்த இம்முறை புதுமையானது. நோயினின்று குழந்தைகளைக் காக்க வேண்டும் என்னும் அருளுணர்வு அதில் இருந்தது. துடைக்கும் வேலையை மிகுவிக்கும் வெள்ளையைத் தவிர்த்த தெளிவும் இருந்தது.

ஆயினும், அந்நீலம் மெய்யாகவே ஈக்களை விரட்டியதா? வீட்டு ஈக்கும் வண்ணத்திற்கும் உள்ள தொடர்பு பற்றிப் பிற்காலத்தில் நிகழ்ந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஒளி, வெப்பம், மணம், உணவு ஆகியவை வண்ணத்தினும் வலுவாக ஈயை இழுக்கும். ஆப்பிரிக்காவில் உறக்க நோயைப் பரப்பும் செட்ஸி ஈ என்னும் வேறோர் இனத்தைப் பிடிப்பதற்கு, நீலத் துணியாலான பொறிகளையே அறிஞர்கள் பின்னாளில் அமைத்தனர்; அவ்வீ நீலத்தை நாடி வருவதே காரணம். ஓர் இனத்திற்குக் கண்ட முடிவு மற்றோர் இனத்திற்குப் பொருந்தாது என்பதும், ஓர் ஆய்வின் சொல்லை நம்பிப் பல்லாயிரம் கதவுகளுக்கு வண்ணம் பூசுவதில் இடர் உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

வாழ்ந்தோர் அளித்த தீர்ப்பு

ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை பொருத்தப்பட்டது. குடியேறியோர்க்கு அதனை ஏற்பதா மறுப்பதா என்னும் தேர்வு இல்லை. அலமாரிகள் சுவரோடு பொருத்தப்பட்டவை. வண்ணம் முன்னரே பூசப்பட்டது. அதற்கான செலவு வாடகையிற் சேர்க்கப்பட்டது. வீடு கிடைக்காத காலத்தில் வீடு கிடைத்ததே பெரும்பேறு என்று மக்கள் குடிபுகுந்தனர்.

புகுந்தபின் குறைகள் தெரியலாயின. ஒருவர் நின்றால் மற்றொருவர் உள்ளே நுழைவதற்கு இடமில்லை. தாயும் மகளும் சேர்ந்து சமைப்பது இயலாதாயிற்று. சமையலறையிலேயே உண்டு பழகிய குடும்பங்கள், அச்சிற்றறைக்குள் ஒரு மேசையை எப்படியாவது நுழைத்துவிட முயன்றன. இல்லத்தரசியின் நடையைக் குறைத்த திட்டம், அவளைக் குடும்பத்தின் உரையாடலிலிருந்தும் பிரித்துவிட்டது என்று பிற்காலப் பெண்ணுரிமைச் சிந்தனையாளர்கள் குறை கூறினர்.

அச்சமையலறையை வடிவமைத்த காலத்தில் தமக்குச் சமைத்த பழக்கமே இல்லை என்பதை லிஹோட்ஸ்கி பின்னர் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். அவர் வீட்டுவேலையில் ஊறியவர் அல்லர். அளவும் ஆய்வும் அறிந்த கட்டடக் கலைஞர். அவ்வொப்புதல் அவர் பெருமையைக் குறைப்பதன்று. ஆனால் ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. பெண்களின் உழைப்பைக் குறைப்பதற்குப் பெண் ஒருவரே முனைந்தபோதும், அடுப்பின்முன் நின்ற பெண்களின் சொல்லுக்கு அத்திட்டத்தில் போதிய இடம் கிட்டவில்லை. அவர்கள் நலத்தின் பொருட்டு நீலம் பூசப்பட்டது. அவர்களிடம் கேட்டுப் பூசப்படவில்லை.

லிஹோட்ஸ்கியின் வாழ்வு அடுக்களையோடு முடிந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டு எர்ன்ஸ்ட் மாய் குழுவினருடன் சோவியத் நாட்டிற்குச் சென்று பணியாற்றினார். பின்னர் நாஜி ஆட்சியை எதிர்க்கும் மறைவியக்கத்திற் சேர்ந்து 1940ஆம் ஆண்டு இறுதியில் வியன்னா திரும்பினார். 1941 சனவரியில் பிடிபட்டுப் பதினைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 1945இல் போர் முடியும் வேளையில் விடுதலையானார். 2000 சனவரியில், 103ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள்களுக்கு முன் அவர் மறைந்தார். பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள் எனப் பலவற்றை வடிவமைத்த தம்மை உலகம் ஒரு சமையலறையால் மட்டுமே நினைவு கூர்வது பற்றி அவர்க்கு வருத்தம் இருந்தது.

நீலத்திற்குப் பின்

காலம் செல்லச் செல்ல அந்நீலத்தின் தேவை மறைந்தது. குளிர்ப்பெட்டி வந்தது, குழாய் நீரும் கழிவுநீர் வாய்க்காலும் சீர்பட்டன. ஈயின் அச்சம் குறைந்தது. எளிதில் துடைக்கத்தக்க ஃபார்மைக்கா போன்ற பலகைகள் போருக்குப் பின் பெருகியதும், வண்ணம் பூசுவதே தேவையற்றதாயிற்று. தொழிற்சாலை தரும் வண்ணத்தை வாங்கினாற் போதும் என்ற நிலை வந்தது. அமெரிக்க இல்லங்களில் 1950களில் இளஞ்சிவப்பும் இளநீலமும், 1970களில் வெண்ணெய்ப்பழப் பச்சையும் முற்றிய கதிரின் பொன்மஞ்சளும் கோலோச்சின. 1960களிலும் 1970களிலும் பிராங்பர்ட் வீட்டார் தம் பழைய அலமாரிகளைப் பெயர்த்தெறிந்தனர். அலுமினியப் பெட்டிகளை மட்டும் சிலர் எடுத்து வைத்துக்கொண்டனர். பயன் தந்தது நின்றது. ஏனையவை குப்பைக்குச் சென்றன.

எஞ்சியவை இன்று அரும்பொருள்களாகிவிட்டன. நியூயார்க் நகரின் நவீனக் கலைக் காட்சியகம், பிராங்பர்ட் குடியிருப்பு ஒன்றிலிருந்து அத்தகைய சமையலறை ஒன்றை 2009ஆம் ஆண்டு பெற்றுத் தன் தொகுப்பிற் சேர்த்துக்கொண்டது. தொழிலாளர் வீட்டில் ஈயை விரட்டப் பூசிய நீலத்தை, கட்டணம் செலுத்தி வந்து கண்டு வியக்கின்றனர் மக்கள்.

வலைக்கதவு சொல்லும் பாடம்

ஈயின் தொல்லை பிராங்பர்ட்டுக்கு மட்டும் உரியதன்று. வெப்பம் மிக்க மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குளிர்ப்பெட்டி பரவுவதற்கு முன், அடுக்களைகளில் வலைபோட்ட உணவு அலமாரி நின்றது. காற்றுப் புகுவதற்கும் ஈ புகாதிருப்பதற்கும் கம்பி வலை. எறும்பு ஏறாதிருக்க, நான்கு கால்களின் கீழும் நீர் நிரம்பிய கிண்ணங்கள். இனவேறுபாடின்றிப் பல வீடுகளிலும் காணப்பட்ட எளிய அமைப்பு அது. அங்கு ஈயைத் தடுக்கும் வேலையை வலை ஏற்றுக்கொண்டது; எறும்பைத் தடுக்கும் வேலையை நீர் ஏற்றுக்கொண்டது. ஆதலின் வண்ணத்தின்மேல் எப்பொறுப்பும் சுமத்தப்படவில்லை. மரத்திற்கு எந்த வண்ணம் பூசினாலும் உணவு காக்கப்பட்டது. நீலம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட வேலையை, ஒரு முழம் கம்பிவலை ஐயத்திற்கிடமின்றிச் செய்து முடித்தது.

இவ்வரலாறு முழுவதையும் ஒருங்கு வைத்து நோக்கின், வண்ணம் தேர்வோர் கேட்டறிய வேண்டிய வினாக்கள் மூன்று புலனாகின்றன. முதலாவது, இவ்வண்ணத்திற்குள் என்ன கலந்துள்ளது என்பது. மரகதப் பச்சையும் ஈய வெள்ளையும் அவ்வினாவைக் கேளாதவர்க்குத் தீங்கு செய்தன. இன்றும் பல நாடுகளில் விற்கப்படும் ஒளி மிக்க மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயச் சேர்மங்கள் காணப்படுவதுண்டு. பழைய அலமாரியைச் சுரண்டும்போது எழும் தூளிலும் அது ஒளிந்திருக்கும். இந்திய அரசு வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் குறைத்த விதி 2017ஆம் ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது என்பது, இவ்விடர் நெடுந்தொலைவிற் சென்று மறைந்த ஒன்றன்று என்பதற்குச் சான்று. இரண்டாவது, வண்ணத்திடம் எதிர்பார்க்கும் வேலையை அது செய்யவல்லதா, வேறு பொருள் அதனினும் நன்றாகச் செய்யுமா என்பது. இதற்குப் பிராங்பர்ட் நீலமும் மலாயாவின் வலைக்கதவும் விடை கூறும். மூன்றாவது, அவ்வண்ணத்தின் முன் நாள்தோறும் நிற்கப்போகிறவரிடம் கேட்கப்பட்டதா என்பது.

முதல் வினாவுக்கு வேதியியல் விடை தரும். இரண்டாம் வினாவுக்கு ஆய்வும் பட்டறிவும் விடை தரும். மூன்றாம் வினாவுக்கு விடை தர வல்லவர், அந்த அடுப்பின் முன் நிற்பவர் மட்டுமே. பல்லாயிரம் வீடுகளுக்கு நல்லெண்ணத்தோடு நீலம் பூசிய காலத்திலும் கேட்கப்படாது போன வினா அது. வண்ண அட்டை வீட்டிற்கு வரும் நாளில், அதனை முதலில் யார் கையிற் கொடுப்பது என்பதிலேயே அவ்வினாவுக்குரிய விடை தொடங்குகிறது.